பெண்கள் படியின் இரண்டு பல்புகள்

கரண்ட் போனால் எது நிற்கக்கூடாது? இந்த ஒரு கேள்வியைக் கேட்டுத்தான் நான் பல வருஷம் சாப்பிட்டேன். பினாங்கில் கரண்ட் வந்து, கடைக்காரர்களும் கம்பெனிக்காரர்களும் அதற்குப் பழகி, அது இல்லாவிட்டால் கையொடிந்து போகிற நிலைக்கு வந்த பிறகு, அது நின்றுபோனால் என்ன செய்வது என்ற பயமும் வந்தது. பயம் வந்த இடங்களுக்கெல்லாம் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஒயர்மேன். எண்ணெய் இஞ்சினை எங்கே நிறுத்துவது, அதோடு எந்த டைனமோவைப் பூட்டுவது, பாட்டரி எத்தனை வேண்டும், மெயின் கரண்ட் போனதும் எந்த விளக்கு எரிய வேண்டும், எது அணைந்தே கிடக்கலாம் என்று பார்த்து, ஒரு தாளில் எழுதி, கீழே கையெழுத்தும் போட்டுக் கொடுப்பேன்.

அந்தக் கேள்விக்கு ஒருவன் சொல்லும் பதில் தெரிந்தால் போதும், அவன் ஜாதகத்தைப் புரட்ட வேண்டியதில்லை. ஒரு நகைக்கடைக்காரர் இரும்புப் பெட்டிக்கு மேலே இருக்கிற விளக்கு என்றார். அச்சுக்கூட முதலாளி ஒருவர் மெஷின் நிற்கக்கூடாது, எழுத்துக் கோர்க்கிறவர்கள் மெழுகுவத்தி வைத்துக்கொள்ளட்டும் என்றார். ஒரு டாக்டர் தன் நாற்காலிக்கு மேல் சுற்றுகிற காற்றாடியைக் காட்டினார். நோயாளிகள் படுக்கிற அறையை நானாக ஞாபகப்படுத்திய பிறகுதான், "ஆமா, அதையும் போட்டுக்கலாம்" என்றார். இவர்களைப் பார்த்து நான் மனதுக்குள் சிரித்திருக்கிறேன். அப்படிச் சிரிக்க எனக்கு என்ன யோக்கியதை இருந்தது என்று எழுதத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

பேசும் படம் வந்த புதிது. கடைத்தெருவுக்குப் பக்கத்தில் ஒரு படக்கொட்டகை. முதலாளி தமிழ் முஸ்லிம், நல்ல மனிதர், கை தாராளம். மழைக்காலத்தில் மரக்கிளை கம்பியில் விழுந்து கரண்ட் நிற்கும். பாதிப் பாட்டில் படம் செத்துப்போகும். கீழே உட்கார்ந்திருக்கும் ஆண்கள் விசிலடித்து, பெஞ்சைத் தட்டி, முதலாளியின் மூன்று தலைமுறையையும் இழுப்பார்கள். எதிர்ப்பக்கம் ஒரு சீனருடைய கொட்டகை இருந்தது. அதிலும் அதே இருட்டுத்தான். ஆனால் எங்கள் முதலாளிக்குத் தம் வீட்டு இருட்டுத்தான் வலித்தது.

"தம்பி, படம் நிக்கக்கூடாதுலா. வெத்தல மடிக்கிற நேரம் நிக்கட்டும், அதுக்கு மேல நிக்கக்கூடாது" என்று என்னைக் கூப்பிட்டுச் சொன்னார்.

அந்தக் கொட்டகையில் என் அக்காவும் வேலை பார்த்தாள். அவளைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. நிபோங் திபாலில் ரப்பர் தோட்டத்தில் வாழ்க்கைப்பட்டுப் போனவள், புருஷன் காய்ச்சலில் போன பிறகு ஜெலுத்தோங்கில் என் வீட்டுக்கு வந்துவிட்டாள். என் மனைவி ஒரு சொல் சொன்னதில்லை. இருந்தாலும் அக்காவுக்குத் தம்பி வீட்டுச் சோறு தொண்டையில் இறங்கவில்லை. "உக்காந்து திங்க நான் என்ன கோயில் மாடா?" என்பாள். கொட்டகையில் பெண்கள் மாடிக்கு ஒரு ஆயா வேண்டும் என்று முதலாளி தேடியபோது நான்தான் அவளைச் சேர்த்துவிட்டேன். அவளுக்கு மாலைக்கண் இருப்பதை முதலாளியிடம் நான் சொல்லவில்லை.

வெயிலில் அவளுக்கு எல்லாம் தெரியும். வெளிச்சம் குறைந்தால் அவ்வளவுதான், சுவரைத் தடவி நடப்பாள். ஈரல் தின்னச் சொன்னார்கள், முருங்கைக்கீரை தின்னச் சொன்னார்கள், எல்லாம் தின்றாள். கொட்டகையில் கையில் ஒரு அரிக்கேன் விளக்கு இருக்கும், அதன் வட்டத்துக்குள் சமாளித்துக்கொண்டாள். படிகள் பதினேழு. கால் அவற்றை எண்ணி வைத்திருந்தது.

அந்தப் படியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பெண்கள் படம் பார்க்க வரலாமா என்று பேச்சு வந்தபோது ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். இந்து, முஸ்லிம், எங்கள் கோயிலைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். வேறு எந்தக் காரியத்திலும் ஒரே பாயில் உட்காராதவர்கள் இதில் மட்டும் ஒரே குரலில் பேசினார்கள். பெண்களுக்குத் தனி மாடி. அதற்குச் சந்துப் பக்கமாகத் தனிப் படி. படிக்கு ஜன்னல் கூடாது. அடியில் உள்ள கதவுக்குப் பின்னால் கனத்த திரை. படம் தொடங்கியதும் கதவை உள்ளேயிருந்து பூட்டி, சாவி ஆயாவின் இடுப்பில் இருக்க வேண்டும். எந்த ஆம்பிளையும் ஏறக்கூடாது, எந்தப் பெண்ணும் தனியாக இறங்கக்கூடாது. மானம் காப்பாற்றப்பட்டது என்று எல்லாரும் எழுந்து போனார்கள். உள்ளே தீப்பிடித்தால் என்ன ஆகும் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்றைக்கு நானும் கேட்கவில்லை.

இஞ்சின் போடுகிற வேலை வந்தபோதுதான் எனக்கு அது உறைத்தது. கரண்ட் போனால் அக்கா அந்த இருட்டில் பதினேழு படி இறங்கி, திரையை விலக்கி, பூட்டின் துவாரத்தைத் தேடிச் சாவி போட வேண்டும். அவளுக்குப் பின்னால் நூறு பெண்கள், இடுப்பில் பிள்ளைகளோடு.

நாங்கள் வாங்கிய எண்ணெய் இஞ்சின் சொன்னவுடன் கிளம்புகிற ஜாதியல்ல. அதன் தலையை ஊதுவிளக்கால் பழுக்கச் சூடாக்கினால்தான் உயிர் வரும். அதற்குப் பத்து நிமிஷம் ஆகும், முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் மூன்று நாலு நிமிஷம். அந்த இடைவெளிக்கு, கண்ணாடிச் சாடிகளில் அமிலம் ஊற்றிய பாட்டரி வரிசை ஒன்றை வைத்தேன். மெயின் போன கணத்தில் அதிலிருந்து எட்டு பல்பு தானாக எரியும், அதற்கு மேல் தாங்காது. ஆண்கள் வாசல்களுக்கு நாலு, படம் ஓட்டுகிற அறைக்கு இரண்டு, பெண்கள் படிக்கு இரண்டு என்று தாளில் எழுதினேன். பெண்கள் படி என்ற வரியைத்தான் முதலில் எழுதினேன்.

படியின் தலைப்பில் ஒரு பல்பு, கதவுக்கு மேலே ஒரு பல்பு. மாட்டி முடித்ததும் அக்காவைக் கூட்டிப்போய் மெயினை அணைத்துக் காட்டினேன். இரண்டும் எரிந்தன. அவள் அண்ணாந்து பார்த்தபடியே படி முழுக்க இறங்கி, மறுபடி ஏறி வந்தாள்.

"சுவரத் தொடாம எறங்குனேன் பாத்தியா தம்பி?" என்றாள்.

"இனிமே அரிக்கேன கொளுத்தி வச்சிக்கிட்டு உக்காராத அக்கா. அந்த மூடுன எடத்துல பொகதான் மிச்சம்" என்று நான் பெருமையோடு சொன்னேன். அந்தப் புகையில் பிள்ளைகள் இருமுகின்றன என்று பெண்கள் ஏற்கெனவே புகார் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் தலைவலி வரும். மறுநாளிலிருந்து விளக்கைக் கொளுத்தாமல் பக்கத்தில் வைத்துக்கொண்டாள்.

மூன்று வாரம் கழித்து முதலாளி என்னை வாசலுக்குக் கூட்டிப்போனார். ஒரு பெரிய படம் வரப்போகிறது, எதிர்க் கொட்டகையிலும் அதே நாளில் புதுப்படம். மேலே கொட்டகையின் பெயர்ப் பலகையைக் காட்டினார்.

"கரண்ட் போச்சுன்னு வையி. அவன் கட இருட்டா கெடக்கும். நம்ம பலக மட்டும் எரியணும். ஜாலான்ல, ரோட்டுல போறவன் வர்றவன் எல்லாம் நின்னு பாக்கணும். ரெண்டு பல்பு போதும்லா."

"பாட்டரி தாங்காது முதலாளி. எட்டுக்கு மேல போடக்கூடாது. இன்னும் நாலு சாடி வாங்குனா ரெண்டும் எரியும்."

"அடுத்த வருஷம் பாப்போம். இப்ப எதுலயாச்சும் ரெண்ட எடு" என்று சொல்லித் தாளை வாங்கிப் பார்த்தார். "பொம்பளைங்க படிக்கு எதுக்கு ரெண்டு? அங்கதான் ஆயா இருக்கு, அரிக்கேன் இருக்கு. அங்க வெளிச்சம் வேணாம்னு பெரியவங்களே சொன்னதுதானே?"

அந்த ஆயாவுக்கு இருட்டில் கண் தெரியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் அவள் வேலை போகும். மறைத்துச் சேர்த்துவிட்டவன் என்று என் வேலையும் போகலாம். அக்காவின் வேலைக்காகத்தான் வாயை மூடினேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. முதலாளி முகம் சுளித்தால் எனக்குத் தாங்காது, அவ்வளவுதான். அவருடைய பேனாவை வாங்கி, முதலில் எழுதிய அந்த வரியை என் கையாலேயே அடித்தேன்.

பல்புகளைக் கழற்றட்டுமா என்று கேட்டேன். "கெடக்கட்டும்லா, பாக்க நல்லா இருக்கு. யாராச்சும் கேட்டா காட்டலாம்" என்றார். ஒயரை மட்டும் உருவி வாசலுக்குக் கொண்டுபோனேன். படியில் இரண்டு பல்பும் முன்போலவே பளபளவென்று தொங்கின.

அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக இருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து சொல்லலாம் என்று நினைத்தேன். கோயில் வாசலில் அவள் அடுத்த வீட்டுக்காரியிடம், "எங்க மாடிப் படியில என் தம்பி வெளக்குப் போட்டிருக்கான். கரண்ட் போனாலும் அது போவாது" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். நான் செருப்பைத் தேடுகிறவன் போலக் குனிந்து கொண்டேன். அடுத்த ஞாயிறு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். அடுத்த ஞாயிறு வேறு சாக்குக் கிடைத்தது.

அந்தப் பெரிய படம் ஒரு பெருநாள் விடுமுறையில் வந்தது. பகல் ஆட்டத்துக்கே கூட்டம் தெருவரை நின்றது. பெண்கள் மாடியில் உட்கார இடமில்லாமல் நடைபாதையிலும் உட்கார்ந்திருந்தார்கள். மதியம் ஒரு மழை கொட்டித் தீர்த்து, பளிச்சென்று வெயில் அடித்தது. மழையில் ஊறிய மரக்கிளை எங்கோ கம்பியில் விழுந்திருக்க வேண்டும். படம் பாதியில் நின்றது.

எனக்கு அது பரீட்சை நேரம். இஞ்சின் கொட்டகைக்குப் பின்னால், பெண்கள் மாடிக்கு நேர் கீழே இருந்தது. தலையைக் காலையிலிருந்தே சூடாக்கி வைத்திருந்தேன். ஊதுவிளக்கைப் பெரிதாக்கி, எண்ணெயைத் திறந்து, சக்கரத்தைப் பிடித்துச் சுழற்றினேன். முதலில் வெறும் புகைதான் வந்தது, மண்ணெண்ணெய் நாற்றத்தோடு கறுப்பாக. அது மேலே எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை. மேலே கூச்சல் கேட்டது. கூச்சல் எப்போதும் கேட்பதுதான். நாலாவது சுற்றில் இஞ்சின் பிடித்துக்கொண்டது. இஞ்சின் கரண்டைப் பட மெஷினுக்கு மட்டும் மாற்றிவிடுகிற கத்தி சுவிட்சைத் தள்ளினேன். உள்ளே படம் பேசத் தொடங்கியது, ஆண்கள் கைதட்டினார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு ஓடிப் பார்த்தேன். பெயர்ப் பலகையில் இரண்டு பல்பும் பட்டப்பகல் வெயிலில் எரிந்துகொண்டிருந்தன. முதலாளி அதற்குக் கீழே நின்று என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அப்போதுதான் டிக்கெட் கிழிக்கிறவர் சந்துப் பக்கத்திலிருந்து ஓடி வந்தார். "அண்ணே, பொம்பளைங்க கதவு தொறக்கல. உள்ள கத்துறாங்க!"

இரண்டு ரிக்ஷாக்காரர்கள் கடப்பாரையால் கதவை உடைத்தார்கள். திரை கிழிந்து கீழே கிடந்தது. அதன் மேல் பெண்கள் ஒருவர்மேல் ஒருவராகக் கிடந்தார்கள். யாரும் சாகவில்லை என்று பிறகு எல்லாரும் கடவுளுக்கு நன்றி சொன்னார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு ஒடிந்திருந்தது, ஒரு பிள்ளைக்கு நெற்றி பிளந்திருந்தது. எல்லாருக்கும் அடியில் அக்கா கிடந்தாள். தூக்கினபோது இடது கால் தனியாகத் திரும்பிக்கொண்டது. இடுப்பில் சாவி அப்படியே இருந்தது.

நடந்ததை மணிக்கட்டு ஒடிந்த பெண் ஆஸ்பத்திரியில் எனக்குச் சொன்னாள். அவள் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தவரின் மனைவி. இருட்டானதும் முதலில் யாரும் பயப்படவில்லையாம். பிறகு தரை வழியாகப் புகை வந்திருக்கிறது. யாரோ தீ என்று கத்தியிருக்கிறார்கள்.

"எல்லாரும் படிக்கு ஓடுனோம். ஒங்க அக்கா படி மேல ரெண்டு கையையும் விரிச்சி மறிச்சிக்கிட்டு நின்னாங்க. 'இருங்கம்மா, தள்ளாதீங்க, என் தம்பி போட்ட வெளக்கு இப்ப எரியும், எரிஞ்சதும் நான் மொதல்ல எறங்கிக் கதவத் தொறக்குறேன்'னாங்க. அதையே திருப்பித் திருப்பிச் சொன்னாங்க. எங்களால நிக்க முடியல. தள்ளிட்டோம். நாங்கதான் தள்ளிட்டோம்" என்று அழுதாள்.

அந்த நேரம் முழுக்கப் படம் ஓடிக்கொண்டிருந்தது. நிறுத்தச் சொல்லி முதலாளியிடம் போனேன். "நிறுத்துனா ஆம்பிளைங்களும் எழுந்து ஓடுவாங்க தம்பி, இன்னும் நெரிசலாவும்" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருந்தது. ஆஸ்பத்திரிச் செலவெல்லாம் அவரே பார்த்தார். பழக்கூடையோடு வந்து அக்காவின் தலைமாட்டில் நின்று கண் கலங்கினார். வெளியே வந்து என் தோளில் கை வைத்து, "ஒன் இஞ்சின் நம்ம மானத்தக் காப்பாத்திருச்சி. எதிர்க் கடைக்காரன் காசத் திருப்பிக் குடுத்தான்" என்றார். அதையும் மனதாரத்தான் சொன்னார். கெட்டவராக இருந்திருந்தால் ஆசை தீரத் திட்டிவிட்டாவது போயிருப்பேன்.

பெரியவர்கள் மறுபடி கூடினார்கள். பெண்கள் படம் பார்க்கப் போனதால்தான் இந்த விபரீதம் என்று முடிவாயிற்று. மாடியை மூடினார்கள். அங்கே பழைய பெஞ்சுகளைப் போட்டு வைத்தார்கள். பூட்டைப் பற்றிப் பேச்சில்லை, புகையைப் பற்றிப் பேச்சில்லை, தொங்கிக்கொண்டிருந்த இரண்டு பல்பை ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. படம் நிற்காத கொட்டகை என்று பெயர் பரவியது. வேறு இரண்டு கொட்டகைக்காரர்கள் ஆள் விட்டு என்னைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன்.

அக்காவுக்கு நினைவு தெளிந்த அன்று நான் பக்கத்தில் இருந்தேன். தண்ணீர் குடித்தாள். பிறகு கேட்டாள்.

"தம்பி, அந்த வெளக்கு எரிஞ்சிச்சா?"

ஒரே ஒரு சொல் போதும். இல்லை என்று சொல்லியிருக்கலாம். "எரிஞ்சிச்சி அக்கா" என்றேன்.

அவள் முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. பிறகு அது மாறியது. "அப்ப என் கண்ணுதான். பாழாப்போன கண்ணு. எரிஞ்ச வெளக்கு எனக்குத் தெரியல. நானே இருட்டு இருட்டுன்னு பயந்து, அந்தப் பொம்பளைங்களையும் மறிச்சி வச்சிட்டேன். வழி விட்டிருந்தா அதுங்க பாட்டுக்கு எறங்கியிருக்கும்" என்றாள்.

அந்த இடத்திலாவது நான் வாயைத் திறந்திருக்க வேண்டும். திறக்கவில்லை.

அதற்குப் பிறகு அவள் ஆறு வருஷம் இருந்தாள். எழுந்து நடக்கவில்லை. அவளைப் பார்க்க வந்த ஒவ்வொரு பெண்ணிடமும் மன்னிப்புக் கேட்டாள். மணிக்கட்டு ஒடிந்தவள் வந்தபோது அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தப் பெண், "இல்லக்கா, அன்னிக்கு அங்க வெளிச்சமே இல்ல" என்றாள். "பயத்துல ஒங்களுக்குத் தெரியல. என் தம்பி பொய் சொல்லமாட்டான்" என்று அக்கா அவளைக் கடிந்துகொண்டாள். நான் அடுத்த அறையில் இருந்தேன். என் மனைவி என்னையே பார்த்தாள்.

படுக்கையில் கிடக்கிறவர்களுக்கு நன்மை அப்பம் கொடுக்க எங்கள் கோயில் சாமியார் மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை ஜெலுத்தோங் பக்கம் வருவார். முதலில் செய்த பாவங்களைச் சொல்லச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் கேட்பார். நாங்கள் வெளியே போய்விட வேண்டும். ஒட்டுக்கேட்பது பெரும் பாவம். ஆனால் பலகைச் சுவர், அவளுக்கோ மெல்லப் பேச வராது.

"சாமி, என் கண்ணு கொறைய மறைச்சி வேலைக்குச் சேந்தேன். வெளக்கு எரிஞ்சும் கதவத் தொறக்காம அத்தன பேர மாட்டி வச்சிட்டேன். ஒரு பச்சப்புள்ள நெத்தி ஒடஞ்சிச்சி. அது என்னாலதான் சாமி."

மாதாமாதம் இதைத்தான் சொன்னாள். மாதாமாதம் சாமியார் அவளுக்கு மன்னிப்புக் கொடுத்தார். கடைசியாக வந்த அன்று, அவள் ரொம்பத் தளர்ந்திருந்தாள். அவர் வெளியே வந்து, செருப்பை மாட்டிக்கொண்டே என்னைப் பார்த்தார். "கோயில் பக்கம் ஆளையே காணோமே. நீயும் பாவசங்கீர்த்தனம் பண்றியா? நான் காத்திருக்கேன்" என்றார்.

"இன்னிக்கு வேலை இருக்கு சாமி" என்று சொல்லிச் சைக்கிளை எடுத்தேன். அன்றைக்கு எனக்கு ஒரு வேலையும் இல்லை.